பண்டிகைக்கு வீட்டிலேயே நட்ஸ் குக்கீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்ஸ் குக்கீயில் பாதாம், வால்நட் எல்லாம் மேலே தூவும் அலங்காரப் பொருள்கள் என்று நினைத்துத் தொடங்கினால் கணக்கு தப்பும். பொடித்துச் சேர்க்கும்போது அவை மாவின் இடத்தையும் கொழுப்பின் இடத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்கின்றன. குக்கீ பரந்து போவது, உதிர்வது, கசப்பது, நான்கே நாளில் சிக்கு வாடை அடிப்பது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஓவனுக்குப் போகும் முன்பே, நட்ஸை வறுத்த விதத்திலும் பொடித்த விதத்திலும் முடிவாகிவிடுகின்றன. அதனால் இந்தப் பக்கத்தில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

எந்த நட்ஸை எந்தக் குக்கீக்கு எடுப்பது?

கொழுப்பு அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முந்திரி, பிஸ்தாவில் ஏறத்தாழ 45 சதவீதம் கொழுப்பு. பாதாமில் 50, ஹேசல்நட்டில் 60, வால்நட்டில் 65, பீக்கனில் 70 சதவீதத்துக்கும் மேல். கொழுப்பு கூடக் கூட மாவு மென்மையாகும், ஓவனில் பரவவும் செய்யும்.

அச்சு வைத்து வெட்டும் குக்கீக்கும் நடுவில் ஜாம் வைக்கும் லின்சர் வகைக்கும் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும். அதற்குப் பாதாம் நல்லது; ஹேசல்நட் பாதி, பாதாம் பாதி என்றும் போடலாம். ஐசிங் சர்க்கரையில் புரட்டும் உருண்டைக் குக்கீக்கு வால்நட், பீக்கன் இரண்டும் அருமை. உருண்டை கொஞ்சம் தளர்ந்தாலும் அதன் அழகு கெடாது. முந்திரிக்குத் தனிச் சுவை குறைவு, ஆனால் வெண்ணெயோடு சேர்ந்தால் வாயில் கரையும் தன்மையைத் தரும். பிஸ்தாவை வாசனைக்கும் நிறத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அதிகம் வறுத்தால் பச்சை நிறம் போய்விடும்.

ஒரு நட்ஸுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவதானால் கப் கணக்கு வேண்டாம், எடைக்கு எடை மாற்றுங்கள். முழுப் பாதாம் ஒரு கப் சுமார் 140 கிராம். பொடித்த பாதாம் அதே கப்பில் 100 கிராம்தான் பிடிக்கும்.

வறுத்துத்தான் சேர்க்க வேண்டுமா?

மாவுக்குள் போகும் நட்ஸ் என்றால் வறுத்துவிடுங்கள். மாவுக்குள் இருக்கும் நட்ஸைச் சுற்றி ஈரம் இருப்பதால், 12 நிமிடம் பேக் ஆகியும் அதற்கு வறுத்த வாசனை வராது. குக்கீயின் மேலே பதிக்கும் நட்ஸைப் பச்சையாகவே வைக்கலாம். அது நேரடிச் சூட்டில் இருப்பதால் தானே வறுபடும். முன்பே வறுத்தால் கருகும்.

ஓவனை 165 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, ட்ரேயில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். முழுப் பாதாமுக்கு 10 முதல் 12 நிமிடம், ஹேசல்நட்டுக்கு 12 முதல் 15, வால்நட் பாதிகளுக்கு 8 முதல் 10, பீக்கனுக்கும் முந்திரிக்கும் 7 முதல் 9, பிஸ்தாவுக்கு 5 முதல் 6 நிமிடம் போதும். பாதி நேரத்தில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். வெளித்தோலின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பாதாமை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளை போய் வெளிர்ந்த பழுப்பு வந்திருந்தால் போதும். நன்றாகப் பழுப்பேறும் வரை விட்டால், வெளியே எடுத்த பின்னும் உள்சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் வறுபட்டுக் கசந்துவிடும். எடுத்த உடனே வேறொரு தட்டுக்கு மாற்றுவது இதனால்தான்.

வாணலியில் வறுக்கலாம், ஆனால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். சீவிய பாதாமுக்கும் நறுக்கிய துண்டுகளுக்கும் வாணலி சரி, முழு நட்ஸுக்கு ஓவன்தான் சரி.

தோலை எடுக்க வேண்டுமா? எளிதாக எடுப்பது எப்படி?

பாதாம் தோல் பெரிதாகக் கசப்பதில்லை. நிறம் வெளுப்பாக வர வேண்டும் என்றால் மட்டும் எடுங்கள். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றிப் பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு நன்றாகக் காய வைக்க வேண்டும். 100 டிகிரி ஓவனில் 20 நிமிடம் வைத்தால் ஈரம் போய்விடும். ஈரத்தோடு பொடித்தால் மிக்சியில் விழுதாகி ஒட்டும்.

ஹேசல்நட் தோல் கசக்கும், அதை எடுத்தே ஆக வேண்டும். வறுத்துச் சூடாக இருக்கும்போதே கனமான துணியில் கட்டி 5 நிமிடம் வைத்து, அப்படியே துணிக்குள் வைத்துத் தேயுங்கள். முழுதும் போகாது, முக்கால்வாசி போனால் போதும். சுத்தமாகப் போக வேண்டுமானால் 2 கப் கொதிக்கும் நீரில் 3 மேசைக்கரண்டி சமையல் சோடா சேர்த்து 3 நிமிடம் வேகவிட்டு, குளிர்ந்த நீரில் தேய்த்து எடுத்து, காய வைத்து, பிறகு வறுக்கவும். சோடா போட்டதும் நுரை பொங்கி வழியும், நீர் கறுக்கும். பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்நட் தோலை முழுக்க எடுக்க முடியாது. வறுத்ததும் பெரிய கண் சல்லடையில் போட்டுக் கையால் தேய்த்தால் உதிரும் தோல் எல்லாம் கீழே விழும். அந்தத் தூளைக் கொட்டிவிட்டாலே கசப்பு வெகுவாகக் குறையும்.

மிக்சியில் பொடித்தால் எண்ணெய் விட்டு உருண்டு போகிறதே?

நட்ஸ் சூடாக இருந்திருக்கும், அல்லது மிக்சி தொடர்ந்து ஓடியிருக்கும். வறுத்ததும் கொழுப்பு இளகி நிற்கிறது. அந்த நேரத்தில் பிளேடு படும்போது செல்கள் உடைந்து எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் நட் பட்டர்தான். எண்ணெய் விட்ட பொடியை மாவில் சேர்த்தால் குக்கீ கனமாக, பிசுபிசுப்பாக வரும், ட்ரேயில் பரவிவிடும்.

வறுத்த நட்ஸை முழுதாக ஆறவிட்டு, 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போட வேண்டாம். செய்முறையில் உள்ள சர்க்கரையிலோ மைதாவிலோ ஒரு பங்கை, 100 கிராம் நட்ஸுக்கு 2 மேசைக்கரண்டி அளவில், கூடவே போடுங்கள். அது வெளிவரும் எண்ணெயை அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஒரு நொடி, இரண்டு நொடி என்று விட்டுவிட்டுச் சுற்றி, இடையிடையே ஜாரைக் குலுக்குங்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தால் ரவை போல நெருடி, கையை விட்டதும் உதிர வேண்டும். ஜாரின் அடியில் பொடி அப்பிக்கொள்ளத் தொடங்கினால் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டப் போகிறீர்கள் என்று பொருள்.

பிறகு சலித்து, மேலே நிற்கும் துண்டுகளை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ஏற்கெனவே பொடியானது எண்ணெய் விடும்.

பாக்கெட்டில் வரும் பாதாம் மாவைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. வீட்டில் பொடிப்பதைவிட நைசாக இருக்கும், மாவு கொஞ்சம் அதிகமாக ஈரத்தை இழுக்கும். வறுக்காத பாதாமில் செய்தது என்பதால் வாசனை குறைவு. ட்ரேயில் மெல்லிதாகப் பரப்பி 150 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம், நடுவில் கிளறிவிட்டு வறுத்தால் அந்தக் குறை தீரும். மைதா முழுவதையும் பாதாம் மாவாக மாற்றிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். கோதுமையில் உள்ள இழுவைப் புரதமான க்ளூட்டன் பாதாமில் கிடையாது, மாவைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. மைதா இல்லாமல் செய்ய வேண்டுமானால் அதற்கென்றே உள்ள செய்முறைக்குப் போங்கள்; கீழே ஒன்று இருக்கிறது.

முதல் முறை செய்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பிறை வடிவ வனில்லகிப்ஃபெர்ல். முட்டையும் பேக்கிங் பவுடரும் கிடையாது, பொருள்கள் நான்கைந்துதான். அதில் கை பழகினால் மற்ற வெண்ணெய் நட்ஸ் குக்கீகள் எல்லாம் புரிந்துவிடும்.

மைதா 280 கிராம், குளிர்ந்த உப்பில்லா வெண்ணெய் 210 கிராம், நைசாகப் பொடித்த பாதாம் 100 கிராம், ஐசிங் சர்க்கரை 70 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு. மேலே தூவ ஐசிங் சர்க்கரை 80 கிராமும் ஒரு வெனிலா காயின் விதைகளும். காய் கிடைக்காவிட்டால் மாவில் ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ் சேர்த்தால் போதும்.

மைதா, பாதாம், சர்க்கரை, உப்பைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாகப் போட்டு விரல் நுனியால் தேயுங்கள். ரொட்டித்தூள் மாதிரி வந்ததும் சேர்த்து அழுத்தி உருட்டவும். சப்பாத்தி மாவைப் போலப் பிசையக் கூடாது. பிசைந்தால் க்ளூட்டன் இழுவிசை பெற்றுக் குக்கீ கடினமாகும். இரண்டு உருளைகளாக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

12 கிராம் துண்டுகளாக வெட்டினால் ஏறத்தாழ 55 வரும். ஒவ்வொன்றையும் 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு, இரு முனைகளும் சற்று மெலியும்படி உருட்டி வளைக்கவும். முனையை ஊசியாக்க வேண்டாம், நடு வேகும் முன் அது கருகிவிடும். பட்டர் பேப்பர் போட்ட ட்ரேயில் அடுக்கி, மறுபடி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, 175 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் பேக் செய்யுங்கள். முனைகளில் மட்டும் லேசான பொன்னிறம் வந்தால் எடுத்துவிடலாம். மேற்பகுதி முழுக்க நிறம் மாறிவிட்டால் தாமதம்தான்.

ஓவனிலிருந்து வந்ததும் தொட வேண்டாம். சூட்டில் கையோடு உடைந்து வரும். 4 நிமிடம் ட்ரேயிலேயே விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது சர்க்கரையைச் சலித்துத் தூவுங்கள்.

மேலே தூவிய சர்க்கரை கரைந்து திட்டுத் திட்டாகிவிடுகிறது. ஏன்?

குக்கீ மிகச் சூடாக இருந்திருக்கும். வெளிவரும் ஆவியிலும் வெண்ணெயிலும் சர்க்கரை கரைந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். முழுக்க ஆறிய பின் தூவினாலோ ஒட்டாமல் கொட்டிவிடும். எனவே இரண்டு பூச்சு: வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒருமுறை, நன்றாக ஆறிய பின் இன்னொருமுறை. முதல் பூச்சு ஈரத்தைக் குடித்துப் பிடிமானம் தரும், வெள்ளையாகத் தெரிவது இரண்டாவது.

வீட்டில் சர்க்கரையைப் பொடிப்பவர்கள் 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்துப் பொடிக்கவும். ஐசிங் சர்க்கரை கட்டி தட்டாமல் இருப்பது அதனால்தான்.

குக்கீ ஓவனில் பரந்து தட்டையாகிவிட்டது.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். வெண்ணெய் மிகவும் இளகியிருந்ததா? அடித்துக் கலக்கும் செய்முறைகளுக்கு வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கக் கூடாது. முந்தைய ட்ரே ஆறும் முன்பே அடுத்த மாவை வைத்தீர்களா? சூடான ட்ரேயில் வெண்ணெய் உடனே உருகி, மாவு வேகும் முன்பே ஓடிவிடும். நட்ஸ் எண்ணெய் விட்டிருந்ததா? மைதாவைக் கப்பில் அளந்தீர்களா? தளர்வாக நிரப்பிய கப் 120 கிராம், அழுத்தி நிரப்பியது 150 கிராம் வரை போகும். இந்த வேலைக்கு ஒரு எடை மெஷின் வாங்குவது எல்லா அச்சுகளையும்விடப் பயனுள்ளது.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு குக்கீயை முதலில் பேக் செய்து பாருங்கள். பரந்தால், மீதி மாவில் 2 மேசைக்கரண்டி மைதா சேர்த்து அரை மணி நேரம் குளிரவைக்கலாம்.

தொட்டாலே உதிர்கிறது.

கொஞ்சம் உதிர்வது இந்த வகையின் இயல்பு. தூக்கும்போதே நொறுங்கினால், நட்ஸ் அளவு கூடியிருக்கும், அல்லது மாவை அழுத்திச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். மைதாவின் எடையில் பாதிக்கு மேல் நட்ஸ் போனால் முட்டை மஞ்சள்கரு போல ஏதாவது பிடிமானம் தேவை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் உருட்டினாலும் வெடிப்பு விழும். 10 நிமிடம் வெளியே வைத்து உருட்டுங்கள். கரகரப்பாகப் பொடித்த துண்டுகள் மாவை உள்ளிருந்தே வெட்டும். பிறை வடிவத்துக்கு நைஸ் பொடி வேண்டும், உருண்டைக்கு மட்டும் 2 மில்லிமீட்டர் துண்டுகள் பரவாயில்லை.

அடி கருகுகிறது, மேலே வெளுப்பாக இருக்கிறது.

மேசை மேல் வைக்கும் சிறிய மின் ஓவன்களில் (ஓடிஜி) கீழே உள்ள சூடாக்கும் கம்பி மிக அருகில் இருப்பதால் வருவது. நடு அடுக்கில் வைத்து, ஒரே அளவுள்ள இரண்டு ட்ரேக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பயன்படுத்துங்கள். கறுப்பு ட்ரே சூட்டை அதிகம் இழுக்கும், வெளிர் நிற அலுமினியம் நல்லது. ஃபேன் ஓடும் முறையில் வைப்பதானால் செய்முறையில் உள்ள வெப்பத்தில் 15 முதல் 20 டிகிரி குறைக்கவும். குமிழில் காட்டும் வெப்பமும் உள்ளே உள்ள வெப்பமும் ஒன்றாக இருப்பது அரிது. உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வைத்தால் ஊகம் தேவைப்படாது.

வெறும் மைக்ரோவேவில் இந்தக் குக்கீகள் வராது. சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் வசதி இருக்க வேண்டும்.

மைதா இல்லாமல் செய்ய ஏற்றது எது?

பட்டை மணக்கும் ஜெர்மானிய நட்சத்திரக் குக்கீயான சிம்ட்ஷ்டெர்ன. முட்டை வெள்ளைக்கரு 3 (சுமார் 100 கிராம்), ஐசிங் சர்க்கரை 250 கிராம், தோலோடு பொடித்த பாதாம் 350 கிராம், பட்டைத் தூள் ஒரு மேசைக்கரண்டி. பாதாம் பொடியில் 50 கிராமைத் தேய்க்கும்போது தூவ ஒதுக்கிவையுங்கள்.

வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பீட்டரைத் தூக்கினால் முனை நிற்கும் வரை அடிக்கவும். பாத்திரத்தில் எண்ணெயோ மஞ்சள்கருவோ துளி இருந்தாலும் இந்த நுரை எழும்பாது. அதில் கால் பங்கை மேல்பூச்சுக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு, மீதியில் பட்டையும் 300 கிராம் பாதாமும் சேர்த்து ஒட்டும் பதத்தில் பிசைந்து, ஒரு மணி நேரம் குளிரவைக்கவும்.

இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே, பாதாம் பொடி தூவி, 8 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கவும். ஒவ்வொரு முறையும் அச்சைத் தண்ணீரில் நனைத்தால் மாவு ஒட்டாது. ஒதுக்கிய நுரையை மெல்லிதாகப் பூசி, 140 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம், கீழ் அடுக்கில் வைக்கவும். மேல்பூச்சு வெள்ளையாகவே இருக்க வேண்டும். பழுப்பேறினால் வெப்பம் அதிகம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறியதும் இறுகும்.

நெய்யோ எண்ணெயோ போட்டுச் செய்யலாமா?

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு நீர். நெய் முழுக்கவே கொழுப்பு. 210 கிராம் வெண்ணெய்க்குப் பதில் உறைந்த நெய் 170 கிராம் எடுத்து, மாவு சேராமல் உதிர்ந்தால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் விடுங்கள். உருக்கிய நெய் வேண்டாம். பால் பொருள் எதுவும் சேராத வீகன் முறைக்கு உறைந்த தேங்காய் எண்ணெய் அதே கணக்கில் சரிவரும், பாலுக்குப் பதில் தண்ணீர். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும் என்பதால் உருட்டிய பின் கட்டாயம் குளிரவைக்க வேண்டும். சாதாரணத் திரவ எண்ணெயில் பிறை நிற்காது.

மாவைச் சுவைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். முட்டை இல்லாத மாவும் பாதுகாப்பானதல்ல. வேகாத மைதாவிலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும்.

யாருக்காவது நட்ஸ் ஒவ்வாமை இருந்தால்?

அவர்களுக்கான குக்கீயை நட்ஸ் எதையும் வெளியே எடுக்கும் முன்பே, கழுவிய பாத்திரத்திலும் புதிய பட்டர் பேப்பரிலும் முதலில் செய்து, தனி டப்பாவில் மூடிவிடுங்கள். ஓவன் சூட்டில் ஒவ்வாமை தரும் புரதம் அழிந்துவிடும் என்று நம்பக் கூடாது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும், வால்நட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பீக்கனும் பெரும்பாலும் ஆகாது. ஆகவே ‘இது வேறு நட்ஸ்தானே’ என்று கொடுத்துவிடாதீர்கள். பரிசாகக் கொடுக்கும் டப்பாவில் என்னென்ன நட்ஸ் சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். பொடித்த பிறகு பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு நட்ஸ் பதித்த குக்கீ வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும்.

நட்ஸுக்குப் பதில் சூரியகாந்தி விதை அல்லது பூசணி விதையை அதே எடையில் போடலாம். பாக்கெட்டில் நட்ஸ் கலப்பு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சூரியகாந்தி விதையோடு சமையல் சோடா சேர்ந்தால் குக்கீயின் உட்புறம் பச்சையாகும். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. கெடுதல் இல்லை. சோடாவைக் குறைத்துச் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் வராது.

நட்ஸ் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றைக் கடித்து நிதானமாக மெல்லுங்கள். பழைய எண்ணெய், பெயின்ட் வாடை அடித்தால் சிக்குப் பிடித்துவிட்டது. வறுத்தாலும் சர்க்கரை போட்டாலும் போகாது. வால்நட்டில் இது சீக்கிரம் வரும், அதன் கொழுப்பு காற்றோடு எளிதில் வினைபுரிவது. வாங்கியதும் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம், ஃப்ரீசரில் ஓராண்டு நிற்கும். பூஞ்சணம் தெரிந்தால் அந்தப் பாக்கெட்டையே தூக்கி எறியுங்கள். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு வறுப்பதால் முழுதாக அழிவதில்லை.

எத்தனை நாள் முன்பே செய்து வைக்கலாம்?

வெண்ணெய் நட்ஸ் குக்கீகள் மூடிய டப்பாவில், வெயில் படாத இடத்தில், இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். செய்த அன்றைவிட இரண்டு மூன்று நாள் கழித்து வனில்லகிப்ஃபெர்ல் கூடுதல் மணம் பெறும். சிம்ட்ஷ்டெர்ன மூன்று, நான்கு வாரம் தாங்கும். ஜாம் வைத்தவை ஒரு வாரத்தில் நமத்துவிடும். வெறும் குக்கீகளை அடுக்கி வைத்துவிட்டு, பரிமாறுவதற்கு முந்தைய நாள் ஜாம் வைப்பது மேல். மெத்தென்ற வகையையும் மொறுமொறு வகையையும் ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்குப் போய் இரண்டும் கெடும்.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே மாவை உருளைகளாகச் சுற்றி ஃப்ரீசரில் போடலாம், இரண்டு மாதம் வரை கெடாது. முந்தைய இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளகவிட்டு உருட்டவும். பேக் செய்தவற்றை ஃப்ரீசரில் வைப்பதானால் சர்க்கரை தூவாமல் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டால் நீர் குக்கீ மேல் படியாமல் டப்பாவின் வெளிப்பக்கம் படியும். பிறகு ஓவனில் 150 டிகிரியில் 3 நிமிடம் காட்டி, வெதுவெதுப்பாக ஒருமுறை, ஆறியதும் ஒருமுறை சர்க்கரை தூவிக்கொள்ளுங்கள்.

தூர ஊருக்கு அனுப்பினால் உடையாமல் போகுமா?

பிறை வடிவம் உடையும், அதை அனுப்ப வேண்டாம். உருண்டைகளும் 8 மில்லிமீட்டர் கனமுள்ள நட்சத்திரங்களும் தாங்கும். டப்பாவின் அடியில் கசக்கிய பட்டர் பேப்பர், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரு தாள், மேலே இடைவெளி இல்லாமல் மறுபடி கசக்கிய தாள். மூடி டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள்; சத்தம் கேட்டால் இன்னும் தாள் வைக்க இடம் இருக்கிறது.